ஏறாதவர்களை யார் எண்ணுவது?

பிப்ரவரி 3, காலை 9.10 (இந்த இணைய உரையாடல் இழையைத் தொடங்கியவர்)

பேருந்து என்பதே சமத்துவம்தான் என்பது என் கட்சி. ஒரே படி, ஒரே கதவு, ஒரே தூரத்துக்கு ஒரே கட்டணம். பணக்காரர் ஏறினாலும் கூலிக்காரர் ஏறினாலும் அதே கம்பியைத்தான் பிடிக்க வேண்டும். பிறகு எதற்கு 'எல்லோருக்குமான பேருந்து', 'எல்லோருக்குமான தெரு' என்று தனியாக ஒரு பேச்சு? ஒவ்வொருவருக்கும் தனித்தனி வசதி செய்யக் கிளம்பினால் வண்டி நிறுத்தத்தை விட்டே கிளம்பாது. இருப்பதை ஒழுங்காக ஓட்டினால் போதாதா? மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, பகல் 11.40 (மறுத்து எழுதுபவர்; இனி வரும் குறிப்புகள் எல்லாம் இவருடையவை)

ஒரே படி என்கிறீர்கள். அந்தப் படியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். உயரமான பேருந்தின் முதல் படி அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும். இடது காலைத் தூக்கி வைத்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து, அப்புறம்தான் வலது கால் வரும். எல்லாம் சேர்ந்து ஏழெட்டு விநாடி. ஒருநாள் அந்த வலது கால் வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நான் பின்னால் நின்றதால் இடுப்போடு பிடித்துக்கொண்டேன். விழவில்லை. ஆனால் அன்றோடு அவர் பேருந்தை விட்டுவிட்டார். யாரிடமும் குறை சொல்லவில்லை, சண்டை போடவில்லை. மாதம் ஒருமுறை தங்கை வீட்டுக்குப் போய்வருவார். அது நின்றுபோனது. கேட்டால், "அவளே வரட்டும், எனக்கு என்ன அவசரம்" என்பார். அவசரம் இல்லை என்பது உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அதே படியில் நான் அரை விநாடியில் ஏறிவிடுவேன். படி ஒன்றுதான். ஏறும் கால்கள் ஒன்றல்ல. ஓட்டுநர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை என்ற கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

பிப்ரவரி 3, இரவு 10.25

மதியம் எழுதியது பாதிதான். மீதி இது.

கல்லூரிக் காலத்தில் ஒரு கோடை முழுக்கப் பயணிகள் கணக்கெடுப்பில் வேலை செய்தேன். அட்டையில் ஒரு தாள், கையில் பென்சில். எந்தத் தடம், எத்தனை மணி, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. நான் ரொம்பக் கவனமாக எண்ணுவேன். மேற்பார்வையாளர் பாராட்டியிருக்கிறார்.

அந்தத் தாளில் ஏறியவர்களுக்குக் கட்டம் இருந்தது. ஏற வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியவருக்குக் கட்டம் இல்லை. கைத்தடியோடு வந்து மூன்று வண்டிகளை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தவருக்குக் கட்டம் இல்லை. வீட்டைவிட்டே வராதவருக்கு எப்படி இருக்கும்? அந்தக் கணக்கை வைத்துத்தான் எங்கே எத்தனை வண்டி, எந்த நேரத்தில் என்று முடிவு செய்வார்கள். 'இந்தத் தடத்தில் முதியவர்கள் அதிகம் வருவதில்லை' என்று அறிக்கை போகும். வராததற்கு அந்தப் படியே காரணமாக இருக்கலாம். படியை மாற்ற வேண்டாம் என்பதற்கு அவர்கள் வராததே காரணமாகிவிடும்.

அம்மா பேருந்தை விட்டபோதுதான் இது எனக்கு உறைத்தது. அவர் போனதால் எந்தத் தாளிலும் ஒரு கோடுகூடக் குறைந்ததாக யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 4, காலை 8.05

"இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வியாகத்தான் தெரியும், நாமே அதற்குள் போய் நிற்கும்வரை.

எனக்குக் கணுக்கால் முறிந்து பதினொரு வாரம் ஊன்றுகோலோடு நடந்தேன். முதல் வாரத்திலேயே நடைபாதை எங்கெல்லாம் உடைந்திருக்கிறது, எங்கே பைக் நிற்கும், எந்த மூலையில் மின்பெட்டி வழியை அடைக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். இரண்டு கையும் ஊன்றுகோலில் இருக்கும்போது கம்பியை எதனால் பிடிப்பது? அதை யோசித்து யாரும் வண்டி கட்டுவதில்லை. பிள்ளை உண்டாகியிருப்பவர், கைக்குழந்தையோடு வருபவர், மூட்டை தூக்குபவர், கண் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு கண்ணைக் கட்டியிருப்பவர், காய்ச்சலில் மருத்துவமனைக்குப் போகிறவர். இவர்களையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுகிறவர் யார் என்று பாருங்கள். திடகாத்திரமான, கையில் எதுவும் இல்லாத, நடுவயதுக்குக் கீழே உள்ள ஒருவர். அவரும் எப்போதும் அப்படியே இருக்கப்போவதில்லை.

கேட்டதால் கிடைத்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1978 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் 19 மாற்றுத்திறனாளிகள் நாற்சந்தியில் பேருந்துகளை மறித்தார்கள். சிலர் சக்கர நாற்காலியிலிருந்து இறங்கித் தரையிலேயே படுத்துவிட்டார்கள். ஒருநாள் முழுக்க வண்டி நகரவில்லை. அவர்கள் கேட்டது தனி வண்டி இல்லை, எல்லோரும் ஏறும் அதே வண்டியில் ஏற, சக்கர நாற்காலியை மேலே ஏற்றிவிடும் ஒரு தூக்கி. 1990இல் அந்த நாட்டில் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பின்னால் இப்படிப் பல தெருக்கள் இருக்கின்றன.

பிப்ரவரி 4, காலை 8.50

திருத்தம். டென்வர் மறியல் ஒருநாள் இல்லை. ஜூலை 5, 6 என்று இரண்டு நாள், நடுவில் ராத்திரியும் அங்கேயேதான் இருந்தார்கள். ராத்திரியைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் பட்டது பாதியாகிவிடும்.

பிப்ரவரி 5, மாலை 6.30

பேருந்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். பேருந்துப் பயணம் வீட்டு வாசலில் ஆரம்பிக்கிறது. நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தால் முதலில் சாலையைக் கடக்க வேண்டும். போவதும் வருவதும் சேர்ந்தால் ஒரு பக்கமாவது கடந்தே ஆக வேண்டும், யாராக இருந்தாலும்.

கடக்கும் சிக்னலுக்கு எத்தனை விநாடி கொடுப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று பல நாடுகளில் நெடுங்காலமாக வைத்துக் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். 18 மீட்டர் அகலச் சாலை என்றால் 15 விநாடி. சரி, என் அம்மா என்ன வேகத்தில் நடக்கிறார்? வீட்டுக் கூடத்தில் அளந்து பார்த்தேன். விநாடிக்கு 0.8 மீட்டர். அவருக்கு இருபத்திரண்டரை விநாடி வேண்டும். 15ஆவது விநாடியில் அவர் 12 மீட்டரில் இருப்பார். இன்னும் 6 மீட்டர் இருக்கும்போது எதிரே எல்லா வண்டியும் உறுமும்.

அந்த 6 மீட்டரில் முதியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கையைத் தூக்குவார்கள். போக்குவரத்துக் காவலர் மாதிரி, உள்ளங்கையை வண்டிகளுக்குக் காட்டியபடி நடப்பார்கள். 'என்னைக் கொல்லாதே' என்பதைக் கையால் சொல்கிறார்கள். நம் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது.

சிங்கப்பூரில் 2009இல் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். முதியவரோ மாற்றுத்திறனாளியோ தன் அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு சில விநாடி கூடுதலாக எரியும். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடிவரை. என் அம்மாவுக்குத் தேவைப்பட்ட ஏழரை விநாடி அதற்குள் அடங்கிவிடுகிறது.

பிப்ரவரி 5, இரவு 9.15

அட்டை காட்டுவது பற்றி ஒரு மறு யோசனை. அட்டை இல்லாதவர்? அன்றைக்கு மறந்துவிட்டு வந்தவர்? ஊன்றுகோலோடு நான்? எல்லோருக்குமே மெதுவானவரின் நேரத்தைக் கொடுத்துவிட்டால் யாரும் எதையும் காட்ட வேண்டியதில்லை. வண்டிகள் ஏழரை விநாடி அதிகமாக நிற்கும், அவ்வளவுதான். அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. எதுவுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

பிப்ரவரி 6, காலை 7.20

"நடப்பவர்கள் பார்த்துக் கடந்தால் விபத்தே வராது" என்ற பதிலுக்கு நேற்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுத வேண்டாம் என்று படுத்துவிட்டேன். இப்போது நிதானமாக.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 8.3 மீட்டர். ஒரு குழந்தை குறுக்கே வந்ததைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் 8.3 மீட்டர் போயாயிற்று. காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். அதே வண்டி 50இல் வந்தால் அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். அப்புறம் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 14 மீட்டர். அதாவது, 30இல் வந்தது நின்றே போன இடத்தில், 50இல் வந்தது இன்னும் பிரேக்கே பிடித்திருக்காது. முழு வேகத்தில் மோதும். குழந்தை செய்த தவறு இரண்டிலும் ஒன்றுதான்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையே. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் உலகம் முழுக்கச் சாலையில் சாகிறார்கள். அதில் பாதிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், இருசக்கர வண்டிக்காரர்கள். 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் சாவுக்கு முதல் காரணம் நோய் இல்லை, சாலை.

மனிதர்கள் தவறு செய்வார்கள், அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்காத சாலையைக் கட்ட வேண்டும் என்ற எண்ணத்தை 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. ஓஸ்லோ நகரில் 2019ஆம் ஆண்டு முழுக்க நடந்து போன ஒருவரோ சைக்கிளில் போன ஒருவரோ சாலை விபத்தில் சாகவில்லை. ஹெல்சிங்கியிலும் அதே ஆண்டு நடப்பவர் யாரும் சாகவில்லை. அங்கே இருப்பவர்கள் நம்மைவிடக் கவனமான பிறவிகளா? வேகத்தைக் குறைத்தார்கள், சாலையைக் குறுக்கினார்கள், கடக்கும் இடங்களை மேடாக்கினார்கள். அங்கேயும் குழந்தைகள் பந்தின் பின்னால் ஓடத்தான் செய்யும்.

பிப்ரவரி 6, பகல் 1.00

மேலே ஒருவர் 'மேடு' என்றால் வேகத்தடையா என்று கேட்கிறார். இல்லை. கடக்கும் இடம் முழுவதையும் நடைபாதை உயரத்துக்குத் தூக்கிவிடுவது. அப்போது நடப்பவர் சாலைக்குள் இறங்க வேண்டியதில்லை, வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். வேகத்தடையில் சக்கர நாற்காலியில் போகிறவருக்கும் நோயாளி வண்டிக்கும் படும் அதிர்ச்சி பெரிது, கண்ட இடத்தில் போடக் கூடாது. இதைவிடச் சிறந்தது, நடைபாதைக்கும் சாலைக்கும் விளிம்பே இல்லாமல் முழுத் தெருவையும் ஒரே தளமாக்கிவிடுவது. எல்லோரும் எங்கும் நடக்கலாம். என்னைக் கேட்டால் எல்லாத் தெருவையும் அப்படித்தான் செய்வேன்.

பிப்ரவரி 9, இரவு 11.10

மூன்று நாள் எழுதவில்லை. காரணம் மேலே உள்ள குறிப்பின் கடைசி மூன்று வரிகள்.

அதைப் படித்துவிட்டுப் பார்வையில்லாத நண்பர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "விளிம்பை எடுத்துவிட்டால் தெரு எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. சனிக்கிழமை அவரோடு இரண்டு மணிநேரம் நடந்தேன்.

நடந்து பார்க்காமல் இதைப் புரிந்துகொண்டிருக்கவே மாட்டேன். அவருடைய வெள்ளைக் கோலுக்கு நடைபாதையின் விளிம்பு ஒரு கைப்பிடி மாதிரி. அதைத் தட்டித் தட்டித்தான் நேராகப் போகிறார். விளிம்பு கீழே விழும் இடத்தில் நின்று காதைக் கூர்மையாக்குகிறார். எனக்குத் தொந்தரவாகத் தெரிந்த அதே ஆறு அங்குலம்தான் அவருக்கு வழிகாட்டி. சக்கர நாற்காலிக்காரர் அதை எடு என்கிறார், இவர் எடுக்காதே என்கிறார். இரண்டு பேரும் சரி.

இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது, அவரே சொன்னார். விளிம்பை எல்லா இடத்திலும் எடுக்காமல், கடக்கும் இடத்தில் மட்டும் சரிவாக்குவது. சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் காலில் தட்டுப்படுகிற, குமிழ் குமிழாகப் புடைத்த ஓடுகளைப் பதிப்பது. அந்த ஓட்டை 1965இல் உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த சேய்ச்சி மியாக்கே. 1967 மார்ச்சில் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதலில் பதித்தார்கள். நீளக் கோடு இருந்தால் 'இப்படியே போ', குமிழ் இருந்தால் 'நில், கவனி'. ஒரு மொழியைக் காலுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார் மனிதர்.

நாங்கள் நடந்த வழியில் அந்த ஓடுகள் இருந்தன. ஓர் இடத்தில் நேராக ஒரு மரத்தில் போய் முட்டின. இன்னோர் இடத்தில் அவற்றின்மேல் விளம்பரப் பலகை நின்றது. பதித்தவர் மஞ்சள் ஓடு என்று பதித்திருக்கிறார், எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நண்பர் மரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எனக்குப் பழகிய மரம்" என்றார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

இன்னொன்றும் சொன்னார். மின்சாரப் பேருந்து வந்தால் அவருக்குத் தெரிவதில்லை. புகை இல்லை, நல்லதுதான், ஆனால் சத்தமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து புதிதாக வரும் மின்சார வண்டி எதுவானாலும் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை மெல்லிய ஒலி எழுப்பியே ஆக வேண்டும். இந்த யோசனை பார்வையுள்ளவர்களுக்குத் தானாக வந்திருக்காது.

ஆகவே என் பிப்ரவரி 6 மதியக் குறிப்பின் கடைசிப் பகுதியை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 10, காலை 9.40

"பார்த்தீர்களா, ஒருவருக்கு வசதி செய்தால் இன்னொருவருக்கு இடைஞ்சல்" என்று இழையைத் தொடங்கியவர் பிடித்துக்கொண்டார். ஆமாம், மோதல் வரும். பிரிட்டனில் அப்படி ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. பேருந்தில் சக்கர நாற்காலிக்கென்று விட்ட இடத்தில் குழந்தைத் தள்ளுவண்டி நின்றது. தாய் நகர மறுத்தார், சக்கர நாற்காலிக்காரர் ஏற முடியாமல் போனது. 2017 ஜனவரியில் வந்த தீர்ப்பு: ஒருமுறை கேட்டுவிட்டு ஓட்டுநர் சும்மா இருந்தால் போதாது, மேற்கொண்டும் வற்புறுத்த வேண்டும், தேவைப்பட்டால் வண்டியைச் சிலநிமிடம் நிறுத்திவைக்கலாம். கட்டாயப்படுத்தி இறக்கிவிடச் சொல்லவில்லை.

எனக்கு அந்தத் தாயின்மேலும் வருத்தம் வரவில்லை. தூங்கும் குழந்தையை எழுப்பி, தள்ளுவண்டியை மடக்கி, பையைத் தோளில் மாட்டி, ஓடும் வண்டியில் நிற்பது எளிதா? இரண்டு பேருக்கும் ஓர் இடத்தை விட்டுவிட்டு நீங்களே சண்டை போட்டுக்கொள்ளுங்கள் என்றால், தவறு வண்டியின் அளவை வரைந்த தாளில் இருக்கிறது. கூடுதலாக நாலு இருக்கையை எடுத்தால் இரண்டுபேரும் வரலாம்.

பிப்ரவரி 11, இரவு 10.50

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் விபத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். பெண்களில் ஒருவராவது வேறொன்றை எழுதுவார் என்று காத்திருந்தேன். நானே எழுதுகிறேன்.

நெரிசலில் கைகள் எங்கே வரும் என்று பதின்மூன்று வயதில் தெரிந்துகொண்டேன். பையை முன்னால் மாட்டுவது, முழங்கையை வெளியே நீட்டுவது, பின் ஊசி வைத்துக்கொள்வது. இதையெல்லாம் யாரும் பாடமாக நடத்தவில்லை, முன்னால் நின்ற அக்காக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஒருமுறை கத்தினேன். வண்டி முழுக்க என்னைத்தான் பார்த்தது, அவனை இல்லை. நடத்துநர் என்னை முன்னால் வந்து நிற்கச் சொன்னார். உதவியாகத்தான் சொன்னார். இடம் மாறியது நான், அவன் அதே இடத்தில் நின்றான்.

பெண்களுக்குத் தனி வண்டி விடலாமே என்பவர்களுக்கு: நானும் அதில் ஏறியிருக்கிறேன். அந்த அரைமணிநேர நிம்மதி பெரிய விஷயம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் தனி வண்டி ஒரு மணிநேரத்துக்கு ஒன்று, பொது வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால், பொது வண்டியில் ஏறியவளைப் பார்த்து 'உனக்குத்தான் தனி வண்டி இருக்கிறதே' என்று கேட்கும் வாய்கள் வந்துவிடுகின்றன. அதையும் கேட்டிருக்கிறேன். தனி வண்டி இருக்கட்டும். பொது வண்டியைச் சரிசெய்வதற்குப் பதிலாக அது இருக்கக் கூடாது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு டொரண்டோ நகரத்தினுடையது. 1991இல் ஆரம்பித்தார்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் தனியாக வரும் பெண், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே தன் தெருவுக்குப் பக்கமாகவே இறக்கிவிடச் சொல்லலாம். முன்கதவு வழியாக இறங்குவார், பின்கதவு திறக்காது. கூடவே யாரும் பின்தொடர்ந்து இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. இதை யோசித்தவர் இருட்டில் நடந்து போன அனுபவம் உள்ளவர் என்று அந்தப் பின்கதவே சொல்கிறது. 2011இல் இதை எல்லோருக்கும் விரித்தார்கள். பெண்களுக்காகத் தொடங்கியது இருட்டுக்குப் பயப்படும் எவருக்கும் உதவுகிறது.

பிப்ரவரி 12, காலை 6.55

தூக்கம் வரவில்லை, அதனால் இன்னொன்று. 'ஒரே கட்டணம், ஒரே வண்டி' என்ற வாதத்தை முதல் நாளிலிருந்து மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கருப்பின மக்கள் செலுத்தியதும் அதே கட்டணம்தான். முன்கதவில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கி, வெளியே நடந்து, பின்கதவில் ஏறச் சொல்வார்கள். அதற்குள் சில ஓட்டுநர்கள் வண்டியை எடுத்துவிடுவதும் உண்டு. 1955 மார்ச் 2ஆம் தேதி வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்துக் கைதானவர் 15 வயது கிளாடெட் கோல்வின். டிசம்பர் 1ஆம் தேதி ரோசா பார்க்ஸ். அதன்பின் 381 நாள் அந்த மக்கள் பேருந்தில் ஏறவில்லை. நடந்தார்கள், ஒருவர் காரில் பலராகப் போனார்கள்.

பிப்ரவரி 3 இரவு நான் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். ஏறாதவர்களை யாரும் எண்ணுவதில்லை என்றேன். மாண்ட்கோமரியில் எண்ணினார்கள். ஏறாதவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஏறாமல் இருந்ததால், காலி வண்டிகள் ஊர் முழுக்கச் சுற்றியதால். என் அம்மாவும் அவரைப் போன்றவர்களும் தனித்தனியாக, ஆளுக்கொரு வீட்டில், வெவ்வேறு நாளில் நின்றுபோனார்கள். அதனால் வண்டி காலியாகவில்லை.

பிப்ரவரி 13, மாலை 7.45

பேருந்து ஓட்டும் ஒருவர் இங்கே நீளமாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து எல்லோரும் அதைப் படியுங்கள். ஒரு ட்ரிப்புக்கு 50 நிமிடம் என்று போட்டிருப்பார்கள், சாலையில் 65 ஆகும், அந்தப் பதினைந்து நிமிடம் அவருடைய சாப்பாட்டு நேரத்திலிருந்தும் கழிப்பறை நேரத்திலிருந்தும் போகும் என்கிறார். சிறுநீரை அடக்கி அடக்கி உடம்பு கெட்டவர்களைத் தெரியும் என்கிறார். பெண் ஓட்டுநர், நடத்துநர்களுக்கு இது இன்னும் கொடுமை.

முதல் நாள் அம்மா விஷயத்தில் ஓட்டுநர்மேல் கோபம் தீரவில்லை என்று எழுதினேன். அவர் கண்ணாடியைப் பார்த்திருக்கத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஏழெட்டு விநாடியை அவருடைய அட்டவணையில் யாரும் வைக்கவில்லை என்பதை நான் பார்க்காமல் விட்டேன். அம்மாவுக்குக் கொடுத்தால் அவருக்குக் குறையும். ஏழெட்டு விநாடிக்காக இரண்டு எளியவர்களை மோதவிட்டவர் அன்று அந்த வண்டியில் இல்லை.

கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒருகாலத்தில் ஏறும் தலைக்கு இவ்வளவு என்று ஓட்டுநருக்கு வருமானம். அதனால் ஒரே சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று முந்திப் பயணிகளைப் பிடிக்கப் பறந்தன. அதற்கு அந்த மக்கள் வைத்த பெயரே 'சில்லறைக்காசுப் போர்'. 2000 டிசம்பரில் தனித்தடப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தபோது, நிறுவனங்களுக்கு ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் என்று மாற்றினார்கள். மெதுவாக ஏறுகிறவர் நஷ்டக் கணக்காக இருந்தவரை, அவருக்காக நிற்கச் சொல்லி ஓட்டுநருக்கு நல்லபுத்தி கூறிப் பயனில்லை. அங்கே நெரிசல் தீர்ந்துவிடவில்லை, அது வேறு கதை.

ஓட்டும் இருக்கையில் யார் உட்காரலாம் என்பதும் இதே பேச்சுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1963இல் கருப்பினத்தவரையும் ஆசியரையும் பேருந்தில் பணிக்கு எடுக்க மறுத்தார்கள். நான்கு மாதப் புறக்கணிப்புக்குப் பிறகு ஆகஸ்ட் 28ஆம் தேதி நிறுவனம் பணிந்தது. செப்டம்பரில் அந்த மக்களில் முதல் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

பிப்ரவரி 14, காலை 8.30

இலவசமாக்கினால் எல்லாம் சரியாகுமா? சுருக்கமாகச் சொல்கிறேன். லக்சம்பர்க் 2020இல் நாடு முழுக்கக் கட்டணத்தை எடுத்துவிட்டது. கையில் காசு இல்லாதவருக்கு அது பெரிய விடுதலை, நான் ஆதரிப்பேன். ஆனால் அம்மாவுக்கு இலவச டிக்கெட்டைக் கொடுத்தாலும் படி அதே உயரம்தான்.

காசே வாங்காத வண்டி என்றொரு போக்கு வருகிறது, அட்டையோ கைபேசியோ இருந்தால்தான் ஏறலாம் என்று. லண்டனில் 2014 ஜூலையிலிருந்து பேருந்தில் காசு வாங்குவதில்லை. ஆனால் அட்டையில் பணம் தீர்ந்துபோனாலும் இன்னும் ஒரு பயணம் போக விடுவார்கள். நடுராத்திரியில் யாரையும் தெருவில் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அந்த ஒரு பயணத்தில் இருக்கிறது. அதைக்கூட யோசிக்காமல் காசை மட்டும் நிறுத்துகிறவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம்.

பிப்ரவரி 14, பகல் 12.15

பேருந்துக்குத் தனித்தடம் விட்டால் காருக்கு அநியாயம் என்பவருக்கு: ஒரு பேருந்தில் 60 பேர். ஒரு காரில் ஒன்றரைப் பேர் என்று வைத்தால் அந்த 60 பேருக்கு 40 கார் வேண்டும். கார்களை இடைவெளியோடு நிறுத்தினால் 240 மீட்டர் நீளம். அந்த 240 மீட்டருக்குப் பின்னால் பேருந்தை நிறுத்திவைத்து, 'ஏன் தாமதம்' என்று ஓட்டுநரைக் கேட்கிறோம்.

பிப்ரவரி 16, இரவு 9.00

இழையைத் தொடங்கியவர் நேற்று எழுதியதைப் பார்த்தேன். தன் அப்பா ஒரு வருடமாகப் பேருந்தில் போகவில்லை, காரணத்தைக் கேட்டதே இல்லை, இந்த வாரம்தான் கேட்டாராம். அப்பா என்ன சொன்னார் என்பதை அவர் எழுதவில்லை. கேட்டிருக்கிறார், அது போதும்.

நான் ஒரு வேலை செய்தேன். ஞாயிறு காலை இரண்டு மணிநேரம் எங்கள் நிறுத்தத்தில் பழையபடி அட்டை, தாள், பென்சிலோடு நின்றேன். இந்தமுறை ஏறியவர்களை எண்ணவில்லை. வந்து ஏறாமல் போனவர்களை மட்டும். ஒன்பது பேர். நின்றவர்களிடம் காரணம் கேட்டேன். படி என்றார்கள் இருவர், கூட்டம் என்றார்கள் மூவர். கைக்குழந்தைக்காரர் ஒருவர், எந்த வண்டி வருகிறது என்று பலகை படிக்க முடியாத ஒருவர். இரண்டு பேர் பதில் சொல்லாமல் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நிறுத்தத்துக்கே வராதவங்களுக்கு எங்கே கட்டம்?" என்று கேட்டார். எனக்கு இன்னும் அதற்கு வழி தெரியவில்லை. வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும் போல. எங்கள் தெருவில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

நீங்களும் உங்கள் நிறுத்தத்தில் இரண்டு மணிநேரம் நின்று பாருங்கள். ஒருநாள் காலை, ஒருநாள் இருட்டிய பிறகு. காரணத்தைக் கேட்கும்போது பெயர் கேட்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். தாளில் கூடுதலாக என்ன கட்டம் வேண்டும் என்று தோன்றினால் இங்கே எழுதுங்கள். பார்வையில்லாத நண்பர் ஏற்கெனவே ஒன்று சொல்லிவிட்டார்: 'வண்டி நிறுத்தத்தில் நின்றதா, தள்ளிப் போய் நின்றதா'. அதைச் சேர்த்துவிட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன். மழை வந்தாலும் போவேன், கூரை இல்லாத நிறுத்தத்தில் மழைநாளில் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.